அசைந்தால்தான் இரை

இலங்கையில் நியூட் கிடையாது. நியூட் மட்டுமல்ல, வளர்ந்த பிறகும் வாலோடு திரியும் சலமாண்டர் வகை ஈரூடகவாழிகளில் ஒன்றுகூட இந்தத் தீவில் இல்லை. பாக்கு நீரிணையைத் தாண்டினால் தென்னிந்தியாவிலும் இல்லை. அப்படியிருக்க, வளரும் நியூட் குடம்பிக்கு எந்த உயிரிரையைத் தேர்ந்து கொடுப்பது என்ற பேச்சை நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வைத்துக்கொள்வானேன் என்று யாரும் கேட்கலாம். ஆனால் அந்த இரைகளில் ஏறக்குறைய எல்லாமே நமது தோட்டத்துக் கான்களிலும் பீலியடியிலும் ஊற்றுக்குழிகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் தின்று வளர்கிற, நியூட்டுக்குத் தூரத்து உறவான ஒரு குடம்பியும் இங்கே உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நியூட். தெற்காசியாவில் அதற்குப் பேர்போன இடமும் ஒரு தேயிலை மலைதான். டார்ஜிலிங் பக்கத்திலும், அதை ஒட்டி நேபாளத்தில் தேயிலைக்குப் பெயர்பெற்ற இலாம் பகுதியிலும், மழை பிடித்ததும் தேங்கு குட்டைகளுக்கு இறங்கி வந்து முட்டையிடுகிற கரும்பழுப்பு நிறப் பிராணி அது. 1871இல் ஜோன் அண்டர்சன் சீனத்து யுன்னானிலிருந்து விவரித்த டைலோடோட்ரைடன் வெருகோசஸ் என்ற இனம்தான் இதுவும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2015இல் அதைத் தனி இனமாகப் பிரித்து டைலோடோட்ரைடன் ஹிமாலயானஸ் என்று பெயர் வைத்தார்கள். சுகியாபொக்ரிக்கு அருகே ஜோர்பொக்ரி என்ற சின்னஞ்சிறு சரணாலயம் இதற்காகவே பேசப்படுகிறது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்கா இதைத் தன் இனப்பெருக்கப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட திட்டம் எதிலும், பெரிய நியூட்டை உயிரோடு வைத்திருப்பதைவிட முட்டையிலிருந்து வருகிற குடம்பியைக் கரையேற்றுவதுதான் கடினமான கட்டம். குடம்பிகள் பெரும்பாலும் சாவது பசியால். சுற்றிலும் சாப்பாடு கிடக்கையிலேயே பசியால் சாகும்.

இதைப் புரிந்துகொள்ளத் தவளையின் வாற்பேத்தையை மறந்துவிட வேண்டும். நம்மில் பலருக்குப் பாடசாலையில் படித்த வாற்பேத்தைதான் ஈரூடகவாழிக் குடம்பியின் ஒரே உருவம். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டும், அழுகிய இலையைக் கறும்பும், வெந்த கீரையைப் போட்டால் மொய்த்துக்கொள்ளும். அது பெரும்பாலும் தாவரத்தை நம்பிய பிள்ளை. அவசரமில்லாமல் நாளெல்லாம் மேயும். நியூட் குடம்பி பிறவியிலேயே வேட்டைக்காரன். தலையின் இருபுறமும் இறகுபோல மூன்று மூன்று செவுள்கள் விரிந்திருக்கும். வாற்பேத்தைக்குப் பின்கால் முதலில் தெரியும், இதற்கு முன்கால் முதலில் முளைக்கும். கீரை, பாசி, மீன்தீனித் தூள், அவித்த மஞ்சட்கரு என்று எதைப் போட்டாலும் அது தொடாது. தொடாமல் கிடக்கிற தீனி அழுகும், நீர் கெடும், குடம்பி இரண்டு விதத்திலும் தோற்கும்.

எங்கள் மலைநாட்டுத் தவளைகளில் பலவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சூடோபிலோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறு மரத்தவளைகள் இலங்கைத் தவளை இனங்களில் பாதிக்கு மேல். அவற்றுக்கு நீந்துகிற குடம்பிப் பருவமே கிடையாது. தாய் பெரும்பாலும் ஈரமண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே பெரிய மஞ்சட்கரு. கட்டுச்சோற்றோடு பயணம் கிளம்பின பிள்ளைபோல, முட்டைக்குள்ளேயே அதைத் தின்று முடித்து, காலும் கையுமாகக் குட்டித் தவளையாகவே வெளியே குதிக்கும். இரையைத் தேடும் பாடும் இல்லை, இரையாகும் ஆபத்தும் குறைவு. ஆனால் மண்ணின் ஈரம் போனால் எல்லாம் போயிற்று. உலகில் அழிந்துபோனதாகப் பதிவான ஈரூடகவாழிகளில் பெரும் பங்கு இந்தப் பேரினத்துக்கு உரியது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். மலைக்காடு கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இடம்விட்ட நூற்றாண்டுதான் 19ஆம் நூற்றாண்டு. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதை எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்த மலைகளில் மண்ணுக்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தவை எவை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

தூரத்து உறவு என்று சொன்ன குடம்பிக்கு வருவோம். கான் வெட்டும்போது மம்பட்டியில் சிக்கி வெளியே வருகிற, வழுவழுப்பான, உடலெங்கும் மோதிர வளையம் போட்ட கரிய பிராணியைத் தோட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை மஞ்சள் கோடு ஓடும். பார்த்ததும் பாம்பு என்று மம்பட்டியாலேயே அடித்துவிடுவது வழக்கம். அது பாம்பல்ல, மண்புழுவுமல்ல. காலில்லாத ஈரூடகவாழி, சிசிலியன். இக்தியோபிஸ் குளூட்டினோசஸ் என்ற இனத்தை 1758இல் லின்னேயஸ் பெயரிட்டபோது அவரும் அதைப் பாம்போடுதான் சேர்த்தார். மம்பட்டிக்காரரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. 1831இல் ஜொஹான்னஸ் மியுல்லர், லைடன் அருங்காட்சியகத்து ஜாடி ஒன்றிலிருந்த இளம் சிசிலியனின் கழுத்தில் செவுள் துளையைக் கண்ட பிறகுதான், இது தவளையும் நியூட்டும் சேர்ந்த வகுப்பு என்பது உறுதியானது.

இந்தப் பிராணியின் பிள்ளைப் பருவத்தை உலகுக்கு விரித்துக் காட்டியது இலங்கைதான். பாசல் நகரத்து உறவினர்களான பவுல் சரசின், ஃப்ரிட்ஸ் சரசின் இருவரும் 1883 முதல் 1886 வரை இங்கே தங்கி, பேராதனையை மையமாக வைத்து ஆராய்ந்தார்கள். நீரோட்டத்துக்கு அருகே ஈரமண்ணில் வளை தோண்டி, முட்டைக் குவியலைச் சுற்றி உடலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிற தாயை அவர்கள் வரைந்த படம் இன்றைக்கும் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. முட்டைக்குள் இருக்கும்போது சிவந்த நீண்ட செவுள்கள் உண்டு. வெளியே வரும் நேரத்தில் அவை போய்விடும். விரல் நீளக் குடம்பி நெளிந்து நெளிந்து நீரில் இறங்கும். தட்டையான வால் துடுப்பு, கண், உடலின் இருபுறமும் அதிர்வை உணரும் புள்ளிகள் என்று நீர் வாழ்க்கைக்கான எல்லாம் அதனிடம் உண்டு. இலங்கையில் இக்தியோபிஸ் இனங்கள் மூன்று. மற்ற இரண்டையும் அமெரிக்கரான எட்வர்ட் டெய்லர் 1960களில் விவரித்தார். மூன்றும் வேறெங்கும் இல்லாதவை.

இந்தக் குடம்பிகள் இரையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதில்தான் உயிரிரை என்ற சொல்லின் முழுப் பொருளும் இருக்கிறது. நியூட் குடம்பி பகலில் கண்ணால் பார்க்கும். ஆனால் அசையாத பொருள் அதன் கண்ணுக்கு இரையாகப் படுவதில்லை. அசைவோடு பக்கக்கோட்டு உறுப்புகள் நீரின் நடுக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். சிசிலியன் குடம்பி இரவில் நடமாடும். சேற்றில், இருளில் கண் பெரிதாக உதவாது. 1990இல் வெர்னர் ஹிம்ஸ்டெட்டும் பெர்ன்ட் ஃப்ரிட்சும் தாய்லாந்து இக்தியோபிஸ் குடம்பிகளை வைத்து, அவை மெல்லிய மின்புலத்தை உணர்ந்து நடந்துகொள்கின்றன என்று காட்டினார்கள். உயிருள்ள ஒவ்வொரு உடலைச் சுற்றியும் நீரில் நுண்ணிய மின்புலம் இருக்கிறது. செவுள் அசைந்தால், தசை சுருங்கினால் அது மாறும். சலமாண்டர் குடம்பிகளுக்கும் இதே வகை உறுப்பு தலையில் உண்டு. செத்த புழு நீரில் கிடந்தால், நமக்குத்தான் அது புழு. குடம்பிக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

அடுத்தது வாய். பொரித்துச் சில நாள் நியூட் குடம்பி மஞ்சட்கரு மிச்சத்தில் ஓட்டும். அப்போது அது சுமார் 1 சென்ரிமீற்றர். தலை அகலம் ஓரிரண்டு மில்லிமீற்றர். மெல்லுவதற்குப் பல் இல்லை, கிழிப்பதற்கு நகம் இல்லை. இரையை உறிஞ்சி விழுங்குவது ஒன்றுதான் வழி. அந்த உறிஞ்சலைக் கைவில்லை வைத்துப் பார்ப்பது நல்ல வேலை. குடம்பி நீரின் நடுவில் செவுளை விரித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பொடிப் பிராணியான நீர்த்தெள்ளு ஒன்று துள்ளி வரும். தலை மட்டும் ஒரு முறை திரும்பும். முன்கால் அசையாது. தெள்ளு இன்னொரு துள்ளு துள்ளும்போது தொண்டை சட்டென்று கீழே இறங்கும், தெள்ளு இருந்த இடம் வெறும் நீர். இடையில் என்ன நடந்தது என்பது நம் கண்ணுக்குப் பிடிபடாது. வாயைத் திறந்ததும் உள்ளே பாய்கிற நீரோடு இரை போய்விட்டது. நீர் மட்டும் செவுள் வழியாக வெளியேறும். தலை அகலத்தில் பாதிக்கு மேற்பட்ட இரை இந்த முறைக்கு ஒத்துவராது. ஒரேயடியாகப் பெரிய புழுவைப் போடுகிறவர்கள் குடம்பிக்கு விருந்து வைப்பதாக நினைப்பார்கள். அது புழுவைக் கண்டு ஒதுங்கி நிற்கும்.

ஆகவே முதல் வாரங்களுக்கு ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும் இரை வேண்டும். உலகெங்கும் நியூட் வளர்ப்பவர்கள் முதலில் கையை நீட்டுவது ஆட்டீமியாவை நோக்கித்தான். உப்பளங்களில் வாழும் சின்ன ஓடுடைப் பிராணி. காய்ந்த முட்டை டப்பாவில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். உப்பு நீரில் போட்டு 25 முதல் 28 பாகை வெப்பத்தில் காற்றூட்டினால் ஒரு நாளில் அரை மில்லிமீற்றர் குஞ்சாகப் பொரிக்கும். இலங்கையில் புத்தளம், அம்பாந்தோட்டை உப்பளங்களிலும் இது உண்டு. ஆனால் நுவரெலியாவுக்கு இது தோதுப்படாது. ஊரின் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டியே நிற்கிறது. குண்டு பல்ப் ஏற்றி வைக்காவிட்டால் பொரிப்பு இழுத்துக்கொண்டே போகும். பொரித்த குஞ்சின் சத்து அதன் மஞ்சட்கருவில் இருக்கிறது, நேரம் போகப் போக அது கரையும். நன்னீரில் போட்டால் சில மணித்தியாலத்தில் சாகும், செத்தது தொட்டியை நாறடிக்கும். மின்கட்டணம் கட்டி உப்பு நீரைக் கலக்கிக்கொண்டிருப்பதைவிட, மலைநாட்டில் இருப்பவருக்கு இயற்கை கொடுத்த வேறு வழி இருக்கிறது: நீர்த்தெள்ளு.

நீர்த்தெள்ளு என்று நாம் சொல்வது உண்மையில் தெள்ளுப்பூச்சி அல்ல, இறாலுக்கு உறவு. தப்னியா, மொய்னா என்று இரண்டு வகை வளர்ப்பவர்களுக்குப் பழக்கம். மொய்னா சின்னது, சூட்டைத் தாங்கும். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் தொட்டி தொட்டியாக வளர்ப்பது அதைத்தான். தப்னியா கொஞ்சம் பெரியது, குளிரை விரும்பும். 20 பாகையை ஒட்டிய நீர் அதற்கு மெத்தச் சரி. கீழ்நாட்டுக்காரர் படாத பாடுபட்டு வளர்க்கிற தப்னியா, நிழலில் வைத்த ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் ஹட்டன் பக்கத்தில் தானாகப் பெருகும். நீர் பச்சைப்பட வேண்டும், அவ்வளவுதான். பாசி மிதக்கிற பச்சை நீரே அதற்குச் சாப்பாடு. வெயில் படும் இடத்தில் இன்னொரு வாளியை வைத்து அந்த நீரை இதில் ஊற்றிவந்தால் போதும். ஈஸ்ட் போட்டு வளர்ப்பவர்களும் உண்டு. கொஞ்சம் கூடினால் ஒரே இரவில் நீர் புளித்து எல்லாம் சாகும். நான் பச்சை நீர்க் கட்சி.

கண்ணாடிக் குவளையில் ஒரு தெள்ளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், அது கண்ணாடியால் செய்த பிராணி என்பது தெரியும். முதுகுப் பக்கம் இதயம் கண்ணெதிரே துடிக்கும். அதற்குக் கீழே முட்டைப்பை. பைக்குள் கறுத்த கண் புள்ளியோடு குட்டிகள் தயாராக இருக்கும். ஆண் தேவையில்லை. உணவும் இடமும் தாராளமாக இருக்கும்வரை பெண்கள் பெண்களையே பெற்றுக்கொண்டிருக்கும். பிறந்த குட்டி 8 முதல் 10 நாளில் தாயாகும், மலைக் குளிரில் இன்னும் சில நாள் கூடும். குடல் பச்சையாகத் தெரிந்தால் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பச்சையும் சேர்ந்துதான் குடம்பியின் வயிற்றுக்குப் போகிறது. பட்டினித் தெள்ளைக் கொடுத்தால் ஓட்டையும் தண்ணீரையும் கொடுத்ததுபோலத்தான். நீரில் பிராணவாயு குறைந்தால் உடல் சிவக்கும், நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினையே அது உண்டாக்கிக்கொள்ளும்.

ஒரு சிக்கல் உண்டு. மலைநாட்டு ஊற்று நீர் மென்னீர், கல்சியம் குறைவு. தெள்ளின் ஓட்டைக் கெட்டியாக்குவது கல்சியம். ஓட்டை அடிக்கடி உரித்துப் புதிதாகப் போடுகிற பிராணிக்குக் கல்சியம் கிடைக்காவிட்டால் பெருக்கம் நின்றுவிடும். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, அந்த அமிலம் மிஞ்சிப்போனால் சரிக்கட்டத்தான் மலைகளில் டொலமைட் போடுகிறார்கள். வாளிக்கு அதெல்லாம் வேண்டாம். கழுவிக் காயவைத்து நொறுக்கிய முட்டையோடு ஒரு கைப்பிடி போதும். நகரத்துக் குழாய் நீரில் குளோரின் இருக்கும், அதை ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். பீலி நீருக்கு அந்தக் கவலை இல்லை. பீலிக்கு மேலே என்ன மருந்து அடித்தார்கள் என்ற கவலைதான்.

ஊற்றுக்குழியிலிருந்து அள்ளுகிறவர்கள் இரையோடு வேடரையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். தும்பியின் குடம்பி வாய்க்குக் கீழே மடித்து வைத்திருக்கும் பிடிக்கையை நீட்டி நியூட் குடம்பியை இழுத்துக்கொள்ளும். நீச்சல் வண்டின் குடம்பி பக்கவாட்டில் குத்தி உறிஞ்சும். அரை சென்ரிமீற்றர் நூல்போல இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரா, தெள்ளுகளைக் கொட்டிப் பிடித்து முழுத் தொட்டியையும் காலி செய்யும். இதற்குத் தேத்தண்ணி வடிக்கிற வடியைவிட நல்ல கருவி நான் கண்டதில்லை. அள்ளிய நீரை அதன் வழியாக ஊற்றினால் தும்பிக் குடம்பியும் வண்டும் மேலே நிற்கும், சின்னதெல்லாம் கீழே இறங்கும். இறங்கியதை ஒரு பழைய வேட்டித் துணியில் வடித்தால் தெள்ளும் சைக்கிளோப்ஸ் போன்ற சிற்றுயிர்களும் துணியில் தங்கும், அழுக்கு நீர் போய்விடும். துணியைத் தொட்டி நீரில் உதறினால் வேலை முடிந்தது. ஹைட்ரா வடியில் தங்காது என்பதால், அள்ளும் குழியில் இலையைத் தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. அதன் அடியில் சின்ன நூல்கள் தொங்கினால் அந்தக் குழியை விட்டுவிட வேண்டும்.

குடம்பி 2 சென்ரிமீற்றரைத் தொட்டதும் தெள்ளு மட்டும் போதாது. அதைத் துரத்துவதிலேயே தின்ற பலம் தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்கு எல்லோர் மனதிலும் வருவது நுளம்புக் குடம்பி. அளவும் துள்ளலும் மிகப் பொருத்தம், நியூட் குடம்பிக்கு அதைவிடப் பிடித்தது குறைவு. ஆனால் இலங்கையில் அதை வீட்டில் வளர்க்க முடியாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். டெங்குப் பருவத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்து வாசலில் நிற்கும்போது, "ஐயா, இது நியூட்டுக்கு" என்று சொல்லித் தப்பித்த யாரையும் எனக்குத் தெரியாது. சட்டம் சரியானதும்கூட. தின்னப்படாமல் மிஞ்சுகிற ஒவ்வொரு குடம்பியும் நான்கைந்து நாளில் சிறகு முளைத்துப் பறக்கும்.

அந்த இடத்தை நிரப்ப இரத்தப் புழு இருக்கிறது. கடிக்காத ஒரு வகைக் கொசுப்பூச்சியின் குடம்பி அது. கான் மூலையில் படிந்த மெல்லிய சேற்றில் குழாய்போலக் கூடு கட்டி, செந்நிறமாய் நெளியும். அதுவும் சிவப்பது ஹீமோகுளோபினால்தான். தொட்டியின் அடியில் மேய்கிற குடம்பிகளுக்கு இது மிக ஏற்றது, சிசிலியன் குடம்பி வாழும் சேற்றோடை மூலைகளிலும் இதுதான் சாதாரணமாக நெளிந்துகொண்டிருக்கும். டியூபிஃபெக்ஸ் புழுவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கழிவுநீர் வாய்க்காலில் கொத்தாக வளரும் புழு, அந்த வாய்க்காலில் உள்ள கிருமியையும் கன உலோகத்தையும் உடம்பிலேயே சுமந்து வரும். ஓடும் நீரில் பல நாள் கழுவ வேண்டும் என்பார்கள். கழுவினாலும் தொழிற்சாலைக் கழிவு உடம்பை விட்டுப் போகாது.

குளிருக்கென்றே அமைந்த இன்னொன்று வெண்புழு. மண்புழுவுக்கு உறவான, ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீள வெள்ளை நூல். குப்பை உரக் குவியலைக் கிளறினால் கிடைக்கும். 15 முதல் 20 பாகைதான் இதற்கு இன்பம். ஐரோப்பாவில் கோடையில் இதைக் காப்பாற்றக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். நுவரெலியாவில் கட்டிலுக்கடியில் ஒரு மரப்பெட்டி போதும். ஈரமண்ணின் மேல் பாலில் நனைத்த பாண் துண்டை வைத்தால் மறுநாள் அதன்கீழ் மொய்த்திருக்கும். கொழுப்பு மிகுந்தது என்பதால் தினமும் கொடுத்தால் குடம்பி ஊதிவிடும். வாரத்தில் ஓரிரு நாளுக்கு நல்லது.

கடைசி வாரங்களின் சாப்பாடு மண்புழு. சின்னதாக நறுக்கினாலும் துண்டுகள் கொஞ்ச நேரம் நெளியும், அந்த நெளிவு போதும். குடலில் இருக்கிற மண்ணோடு சேர்ந்து கல்சியமும் கிடைக்கும். எல்லா மண்புழுவும் ஒன்றல்ல. கூட்டெரு செய்ய வளர்க்கும் ஐசீனியா ஃபெட்டிடா நாற்றமுள்ள மஞ்சள் திரவத்தைக் கக்கும். குடம்பி ஒரு முறை கவ்வித் துப்பிவிட்டால் அடுத்த புழுவையும் நம்பாது. தோட்டத்துச் சாதாரண மண்புழுவே மேல்.

எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியைப் பிராணிகளே தீர்க்கும், தீர்க்கிற விதம் நமக்குப் பிடிக்காது. இரை போதவில்லை என்றால் நியூட் குடம்பிகள் ஒன்றன் செவுளை ஒன்று கடிக்கும், பிறகு காலை, பிறகு வாலை. நெளிகிற எதுவும் அவற்றுக்கு இரைதான், தம்பியின் விரலும் நெளிகிறது. இழந்த கால் திரும்ப வளரும் என்பது நியூட் வம்சத்தின் புகழ்பெற்ற திறமை. ஆனால் வளர்கிற காலுக்குப் போகிற சத்து உடல் வளர்ச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. பின்தங்கிய பிள்ளை அடுத்த கடிக்கு இன்னும் வசதியாகும். பெரியவை ஒரு தொட்டி, சின்னவை ஒரு தொட்டி என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, எப்பொழுதும் சிறிது இரை நீரில் நடமாடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வதில் தீரும். தெள்ளு இதற்குச் சிறந்தது, தின்னப்படும்வரை அது உயிரோடு இருக்கும், நீரையும் வடித்துத் தூய்மையாக்கும்.

தெள்ளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு வேதிப்பொருள் நீரில் கலந்தால் எவ்வளவு நஞ்சு என்று உலகெங்கும் ஆய்வுகூடங்கள் சோதிக்கும்போது, முதலில் அந்த நீரில் விடுவது தப்னியாவைத்தான். 48 மணித்தியாலத்தில் எத்தனை அசைவை நிறுத்துகின்றன என்று எண்ணுவார்கள். களைகொல்லியின் கதை இங்கே முக்கியம். இலங்கை கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தது. அமெரிக்காவில் ரிக் ரெலியா 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிளைபோசேட் கலந்த களைகொல்லி ஒன்று வாற்பேத்தைகளை மிக மோசமாகக் கொன்றது. இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சேர்க்கும் துணைப்பொருளின்மேல் பெரும் சந்தேகம் விழுந்தது. இந்த ஆய்வையெல்லாம் தோட்டத்தில் உட்கார்ந்து திரும்பச் செய்ய முடியாது. ஆனால் ஒரு ஊற்றுக்குழியில் மழைக்குப் பிறகு ஒரு வாரம் தெள்ளு துள்ளிக்கொண்டே இருந்தால், அந்த நீரைக் குடம்பிக்குத் துணிந்து கொடுக்கலாம். தெள்ளே இல்லாத தெளிந்த நீரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கான் வெட்டும்போது கிடைத்த சிசிலியனையோ அதன் முட்டையையோ வீட்டுக்கு எடுத்துப்போய் இதையெல்லாம் பரீட்சித்துப் பார்க்கலாகாது. அவை பாதுகாக்கப்பட்ட பிராணிகள், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. வெளிநாட்டு நியூட்டை வாங்கி வருவதும் வேண்டாம். 2013இல் நெதர்லாந்தில் சலமாண்டர்களைக் கூண்டோடு அழித்த பூஞ்சணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அது ஐரோப்பாவுக்கு வந்தது செல்லப்பிராணி வணிகத்தின் வழியாக என்று கருதுகிறார்கள். அள்ளிய இரையையும் ஒரு தோட்டத்து நீரிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு ஊற்றக்கூடாது. அந்த ஒரு வாளி நீரில் என்ன நோய் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பார்க்க விரும்புகிறவர் இரவில் ஒரு டோர்ச்சோடு பீலியடிக்குக் கீழே உள்ள சேற்று மூலைக்குப் போகலாம். குடம்பி அங்கேயே வேட்டையாடிக்கொண்டிருக்கும்.

அங்கே அது எதைத் தின்கிறது? தாய்லாந்தில் அலெக்சாண்டர் குப்ஃபரும் கூட்டாளிகளும் 2005இல் இதே இக்தியோபிஸ் வம்சத்தை வைத்துச் செய்த ஆய்வில், நீரில் இருக்கும்போது குடம்பிகள் நீர்வாழ் சிற்றுயிர்களைத் தின்றதும், மண்ணுக்கு ஏறிய பிறகு மண்புழுவும் எறும்பும் போன்றவை உணவானதும் தெரிந்தது. சாப்பாடு மாறுகிற அந்த இடைவெளியில் உடம்பே மாறிவிடும். வால் துடுப்பு போகும், அதிர்வை உணரும் புள்ளிகள் மறையும், மின்புலத்தை உணர்ந்த உறுப்பும் போகும். கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு உணர்கொம்பு வெளியே வரும். மண்ணுக்குள் மணத்தைத் தேட அதுதான் கருவி. நியூட்டுக்கும் இதே இடைவெளி உண்டு, செவுள் சுருங்கத் தொடங்கும் நாட்களில் அது சாப்பிடுவதே இல்லை. தீனியைத் திணிக்காமல், ஏறி உட்கார ஒரு பாசிக்கல்லைச் சரிவாக வைத்துக் கொடுத்தால் போதும். கரையேறிய பிறகு தெள்ளை அது திரும்பியும் பார்க்காது. இலைச்சருகுக்கடியில் துள்ளும் நுண்பூச்சியும் வெண்புழுவும்தான் வேண்டும்.

நியூட் கடைசிவரை வாய்க்கு அடங்குவதையே தேட வேண்டும். சிசிலியன் அந்தக் கணக்கை மீறுகிறது. பெரிய மண்புழுவைக் கவ்வியதும், அது தன் உடலை நீள்வாக்கில் திரும்பத் திரும்பச் சுழற்றும். புழு முறுகும், கடித்த இடத்தில் அறும், துண்டு வாய்க்குள் போகும். மிச்சத்தை மறுபடி கவ்வி மறுபடி சுழலும்.